எண் சொல்லும் அளவும் இயந்திரம் வெட்டும் அளவும்

1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எண் கட்டுப்பாட்டு இயந்திரம் செயல்விளக்கம் செய்து காட்டப்பட்டபோது, அதற்குக் கட்டளையிட வெற்றிடக் குழாய்கள் நிறைந்த பெரும் பெட்டி தேவைப்பட்டது. இன்று உள்ளங்கையில் அடங்கும் மின்சுற்றுப் பலகை அப்பணியைச் செய்து முடிக்கிறது. பாலிடெக்னிக் மாணவர்களும் சிறு தச்சுப் பட்டறையினரும் கணிப்பொறி வழி இயங்கும் ரௌட்டரைத் தாமே கட்டிக்கொள்ளும் நிலை இதனால் உருவாகியுள்ளது. புணே மாவட்டத்துப் பாபல் கிராமத்திலுள்ள விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002இல் ஃபேப் லேப் அமைந்ததிலிருந்து, இத்தகைய கருவிகள் நகரத்து ஆலைகளுக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணமும் மாறி வருகிறது.

எனினும், இயந்திரம் ஓடுவது வேறு. அளவாக வெட்டுவது வேறு. அலமாரியின் பக்கப் பலகைகள் அனைத்தையும் வெட்டிய பின்னரே காடி பொருந்தவில்லை என்று தெரிந்தால், 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை முழுவதும் வீணாகிறது. சிறு பட்டறைக்கு இது சில நாள் வருவாயை இழப்பதாகும்.

இந்நிலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது, கட்டுப்பாட்டு நிரலில் உள்ள ‘ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை அடிகள்’ என்ற எண்ணை மாற்றுவதாகும். நோயை அறியுமுன் மருந்து கொடுப்பதற்கு இது ஒப்பானது. அந்த எண் எவ்வாறு கிடைக்கிறது என்பதை முதலில் நோக்குவோம். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடிகள் எடுத்து வைக்கும். டிரைவர் ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பகுத்தால் ஒரு சுற்றுக்கு 1600 துடிப்புகள் வேண்டும். ஒரு சுற்றில் திருகுதண்டு 8 மி.மீ. நகர்த்துமாயின், மில்லிமீட்டருக்கு 200 துடிப்புகள் என்றாகிறது. 2 மி.மீ. பல்லிடைவெளியும் 20 பல் சக்கரமும் கொண்ட பெல்ட்டாயின் இதுவே 40 ஆகும். ஆகவே இது கணக்கினால் வரும் எண், விருப்பம்போல் திருத்துவதற்குரியதன்று.

பிழையின் இயல்பை அறிதல்

100 மி.மீ., 300 மி.மீ. என இரு சதுரங்களை வெட்டி, வெர்னியர் காலிப்பரால் அளந்து பார்ப்பது முதற்படி. சிறியதில் 0.4 மி.மீ., பெரியதில் 1.2 மி.மீ. குறைந்தால், பிழை நீளத்தோடு வளர்கிறது என்பது தெளிவு. அப்போது மட்டுமே அடிகளின் எண்ணில் ஐயம் கொள்ளலாம். பல்சக்கரத்தின் பற்களைத் தவறாக எண்ணியிருத்தலும் பெல்ட் நீண்டிருத்தலும் இதற்குரிய காரணங்கள்.

இரண்டிலும் பிழை ஒரே அளவாக இருந்தால் காரணம் வேறு. சதுரத்துடன் அதே அளவில் ஒரு குழியையும் வெட்டிப் பார்க்க வேண்டும். வெளித்துண்டு பெரிதாகவும் குழி சிறிதாகவும் அமைந்தால் வெட்டும் பிட்டை அளக்க வேண்டும். 6 மி.மீ. என்று நிரலில் குறித்த பிட், சாணை பிடித்த பின் 5.8 மி.மீ. ஆகியிருக்கலாம், அப்போது துண்டு 0.2 மி.மீ. கூடும், குழி 0.2 மி.மீ. குறையும். பிட் மையம் விலகிச் சுழன்றால் இதற்கு நேர்மாறாக நிகழும். துண்டும் குழியும் இரண்டுமே ஒரே அளவு சிறுத்திருந்தாலோ, ‘பேக்லாஷ்’ எனப்படும் திரும்புகைத் தளர்வையே ஐயுற வேண்டும்.

சொந்தமாகச் செய்த இயந்திரங்களில் மிகுதியாகக் காணப்படுவதும், மிகுதியாகத் தவறாகக் கணிக்கப்படுவதும் இத்தளர்வுதான். நட்டுக்கும் திருகுதண்டுக்கும் இடையே இடைவெளி இருந்தால், திசை மாறும்போது தண்டு சிறிது சுழன்ற பின்னரே வண்டி நகரத் தொடங்கும். வட்டம் வெட்டினால், அச்சுகள் திசை மாறும் நான்கு இடங்களில் தட்டையோ சிறு படியோ தோன்றும். இத்தளர்வு 0.3 மி.மீ. என்று கொள்வோம். 100 மி.மீ. சதுரம் 99.7 ஆக வருகிறது. ஒருவர் அடிகளின் எண்ணை 0.3 விழுக்காடு உயர்த்துகிறார்; சதுரம் சரியாக 100 ஆகிவிடுகிறது. அவர் மனநிறைவுடன் 600 மி.மீ. கதவை வெட்டும்போது அது 601.5 மி.மீ. ஆகிறது! ஒரு பிழை இரண்டாகி, முதலாவது மறைந்தும் விட்டது.

தளர்வை அளக்க 0.01 மி.மீ. நுட்பமுள்ள டயல் கேஜ் போதும். வண்டியை ஒரே திசையில் நகர்த்திக் கேஜைத் தொடச் செய்து, முள்ளைச் சுழியில் வைக்க வேண்டும். அதே திசையில் மேலும் 1 மி.மீ. செலுத்திப் பின் 1 மி.மீ. மீட்டால், முள் காட்டும் மிச்சமே தளர்வு. நட்டின் தேய்மானத்தை மட்டும் குறை கூறுதல் ஆகாது. மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் சிறு திருகு நழுவியிருக்கலாம். தண்டின் முனையிலுள்ள பேரிங் முன்பின் அசையலாம். இவற்றை இறுக்கிய பின்னரும் தளர்வு நீடித்தால், ஸ்பிரிங் பொருத்திய இரட்டை நட்டுக்குச் செலவிடலாம்.

வேறு இரு குறைகள்

வெட்டு முடிந்ததும் வண்டி தொடங்கிய இடத்திற்குத் திரும்பவில்லையெனில் மோட்டார் அடிகளை இழந்திருக்கிறது. ஸ்டெப்பருக்குத் தன் நிலையை அறிவிக்கும் வழி இல்லை. நகராவிட்டாலும் நகர்ந்ததாகவே நிரல் கருதும். வேகம் கூடக் கூட அதன் முறுக்குவிசை குறைவதால், முடுக்கத்தையும் வேகத்தையும் பாதியாக்கிப் பார்ப்பது எளிய சோதனை. வழித்தண்டில் மரத்தூள் அடைந்திருப்பதும் காரணமாகலாம்.

மூலைகள் செங்கோணமாக அமையாவிடில், 800க்கு 600 மி.மீ. செவ்வகம் ஒன்றை வெட்டி மூலைவிட்டங்களை அளக்கலாம். இரண்டும் 1000 மி.மீ. இருக்க வேண்டும். 1.6 மி.மீ. வேறுபட்டால், குறுக்குப் பாலம் 600 மி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 1 மி.மீ. சாய்ந்துள்ளது என்பது பொருள்.

பலகையும் குற்றமற்றதன்று. 18 மி.மீ. என்று விற்கப்படுவது பல வேளைகளில் அவ்வளவு இராது. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி உப்பவும் கூடும். காடி வெட்டுமுன் அன்றைய பலகையை அளப்பதற்கு அரை நிமிடம் போதும்.

கல்வி நிலையங்களில் இத்தகைய இயந்திரத்துக்கு மதிப்பீடு தயாரிக்கும் அலுவலர்கள் மோட்டார், டிரைவர், சட்டம் ஆகியவற்றோடு டயல் கேஜையும் அதன் காந்தத் தாங்கியையும் பட்டியலில் சேர்த்தல் நன்று. இயந்திரத்தை ஏற்கும் நாளில், அது ஓடுவதைக் கண்டு கையொப்பமிடுவதற்கு மாறாக, இரு சதுரம், ஒரு வட்டம், ஒரு செவ்வகம் ஆகியவற்றை வெட்டச் செய்து, அளவுகளைப் பதிவேட்டில் குறித்துவைக்கலாம். ஆறு மாதம் கழித்து அதே துண்டுகளை மீண்டும் வெட்டும் மாணவருக்கு, எந்த உறுப்பு தேய்ந்துள்ளது என்பதை அப்பதிவேடு காட்டிவிடும்.