பேராசிரியரைப் பார்த்தால் "சீட்" கிடைக்குமா?

பிளஸ்-2 மாணவர்கள் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

"அண்ணாச்சி, காலேஜ்ல எனக்குத் தெரிஞ்ச புரொபசர் ஒருத்தர் இருக்காரு. ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. தம்பிக்கு சீட் கியாரண்டி!"

பிளஸ்-2 ரிசல்ட் வரும் மே மாதத்தில், மளிகைக் கடை வாசலிலும் மின்சார ரெயிலிலும் இந்தப் பேச்சு அடிபடாத நாள் கிடையாது.

உடனே அப்பா சலவை வேட்டி கட்டிக்கொள்வார். கையில் ஒரு டஜன் ஆப்பிள். சட்டைப் பையில் ஒரு சிபாரிசு கடிதம். பின்னால் தலையைக் குனிந்தபடி பையன்!

போகலாமா? போனால் பலன் உண்டா?

தாராளமாகப் போகலாம். ஆனால் சீட்டுக்காகப் போகக்கூடாது!

மார்க்தான் பேசும்

கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி, அரசு கல்லூரிகள், தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் எல்லாமே ஒற்றைச் சாளர கவுன்சிலிங் மூலம்தான் நிரப்பப்படுகின்றன. 1997-ம் ஆண்டு வந்த ஏற்பாடு இது. 2007-ம் ஆண்டு முதல் நுழைவுத் தேர்வும் கிடையாது.

கணிதத்துக்கு 100, பவுதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50. ஆக 200-க்கு "கட்-ஆப்". அந்த வரிசையும் இட ஒதுக்கீடும்தான் யாருக்கு எந்த இடம் என்று தீர்மானிக்கும். இதில் பேராசிரியரின் பேனாவுக்கு வேலையே இல்லை!

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ம் ஆண்டு முதல் 7.5 சதவீத தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கும் சிபாரிசு தேவையில்லை. பள்ளிச் சான்றிதழ் போதும்.

தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீடு? அங்கே சீட் கொடுப்பது நிர்வாகம். வகுப்பில் பாடம் நடத்துகிறவர் அல்ல. கட்டாய நன்கொடை வாங்குவதோ 1992-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். "புரொபசரைச் சரிக்கட்டணும், பணம் கொடுங்க" என்று ஒருவர் கேட்டால், அந்த இடத்தை விட்டு நடையைக் கட்டுவதே புத்திசாலித்தனம்.

கலாமுக்கே வந்த சோதனை

அப்படியானால் பேராசிரியரை எதற்குப் பார்ப்பது?

எந்தப் படிப்பு நமக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள!

ராமேசுவரத்து அப்துல் கலாம் திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. பவுதிகம் படித்தார். பட்டம் வாங்கிய பிறகுதான், தமக்கு ஏற்றது என்ஜினீயரிங் என்று அவருக்குத் தெரிந்தது. இண்டர்மீடியட் முடித்த கையோடு அதில் சேர்ந்திருக்க முடியும். வேறு படிப்பு இருப்பதே அப்போது தமக்குத் தெரியாது என்று பின்னாளில் அவரே எழுதினார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அவர் சேர்வதற்காக, அவருடைய சகோதரி தங்க நகைகளை அடகு வைத்துப் பணம் கொடுத்தார்.

கவுன்சிலிங்கில் இன்று நடப்பதும் அதே கண்ணைக் கட்டிய ஆட்டம்தான். கல்லூரியையும் பாடப்பிரிவையும் மாணவரே வரிசைப்படுத்தி ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, முதலில் அகப்படும் இடத்தைக் கொடுத்துவிடும். "எலக்ட்ரானிக்ஸ்னா டி.வி. ரிப்பேர்தானே?" என்ற அளவில் பட்டியல் போட்டால் 4 வருஷமும், அப்பாவின் சேமிப்பும் போச்சு!

என்ன கேட்பது?

1. முதல் வருஷத்தில் எந்தப் பாடத்தில் அதிகம் பேர் பெயில் ஆகிறார்கள்?

2. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

3. நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? லேபில் மாணவர்களைக் கை வைக்க விடுவார்களா?

4. படித்து முடித்தவர்களுக்குக் கிடைப்பது படிப்புக்கு ஏற்ற வேலையா, வேறு ஏதாவதா?

5. இந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா?

ஒரே கல்லூரியில் கேட்டு நிறுத்தாமல் இரண்டு மூன்று இடங்களில் கேட்டால் வித்தியாசம் புரியும். சொந்தக் கல்லூரியை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறவர்களும் உண்டு. அதனால் வாசலில் நிற்கும் சீனியர் மாணவர்களையும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

நேரில் போக முடியாதா? பல கல்லூரிகளின் இணையதளத்தில் ஆசிரியர்களின் இ-மெயில் முகவரி இருக்கிறது. "ஐயா, நான் பிளஸ்-2 மாணவன். இரண்டு சந்தேகங்கள்" என்று நாலு வரி எழுதினால் போதும். பதில் வராவிட்டால் மனம் தளராமல் அடுத்தவருக்கு எழுதலாம்.

கவுன்சிலிங் நெருக்கடியில் போய் நிற்பதைவிட, பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்கள்தான் இதற்கு ஏற்றவை. கேள்வி கேட்க வேண்டியதும் படிக்கப் போகிற பிள்ளைதான். அப்பா வெளியே பெஞ்சில் உட்காரட்டும்!

ஆப்பிள் வேண்டாம். சிபாரிசு கடிதமும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்!