வேலை முடிஞ்சது, பணம் வரல... கிளையன்ட் இழுத்தடித்தால் சட்டத்தில் என்ன வழி?

பொள்ளாச்சியில் இருந்தபடியே பெங்களூரு நிறுவனத்துக்கு வெப்சைட் செய்து தரும் இளைஞர், நார் மில்லுக்கு மெஷின் பார்ட்ஸ் செய்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர், கடைகளுக்கு விளம்பர டிசைன் போடுபவர் என யாராக இருந்தாலும் இந்தப் பதிலை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள்: "அடுத்த வாரம் கண்டிப்பா போட்டு உட்டர்றனுங்க." அந்த அடுத்த வாரம் மூன்று மாதமாகும். பிறகு போனையே எடுக்க மாட்டார்கள்.

"நாப்பதாயிரம் ரூபாய்க்காக கோர்ட்டுக்கு அலைய முடியுமா?" என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் சிறு தொழில் செய்பவர்களுக்காக, கோர்ட்டுக்குப் போகாமலேயே பணம் கேட்கும் ஒரு வழி 2006 முதல் இருக்கிறது. அதற்குத் தேவையான பதிவை, வேலையைத் தொடங்கும் முன்பே செய்து வைத்திருப்பதுதான் பாதுகாப்பு.

அக்ரிமென்ட் போடவில்லையே?

போடாவிட்டாலும் உரிமை போய்விடாது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்று அதன் 70-வது பிரிவு சொல்கிறது.

நிரூபிப்பதுதான் சிக்கல். விலை சொன்ன மெயில், "ஓகே, ஆரம்பிங்க" என்ற வாட்ஸ்அப் மெசேஜ், அட்வான்ஸ் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபைல் அனுப்பிய தேதி எல்லாமே சாட்சியம்தான். மின்னணு ஆதாரத்தோடு, 2023-ம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டம் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழையும் இணைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு சாட்டை அழித்துவிடக் கூடாது.

45 நாள் கெடு

குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன் 15-வது பிரிவுப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் பேசிக்கொள்ளவில்லை என்றால் 15 நாள்தான்.

"டிசைன் எங்களுக்குப் புடிக்கலைங்க" என்று மூன்று மாதம் கழித்துச் சொல்பவருக்கும் இந்தச் சட்டத்தில் பதில் உண்டு. வேலையை ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கவில்லை என்றால், ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும்.

கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6% என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18% ஆகிறது. 1 லட்சம் ரூபாய் பாக்கிக்கு ஓராண்டில் சுமார் 19,500 ரூபாய் வட்டி ஏறும்.

எங்கே மனு கொடுப்பது?

குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்கல் மன்றத்தில். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என 4 இடங்களில் மண்டல மன்றங்கள் உள்ளன. கிளையன்ட் டெல்லியில் இருந்தாலும் பெங்களூருவில் இருந்தாலும், வேலை செய்து கொடுத்தவரின் ஊருக்குரிய மன்றமே விசாரிக்கலாம். பொள்ளாச்சிக்காரர் கோவையோடு முடித்துக்கொள்ளலாம்.

மனுவை ஆன்லைனிலேயே கொடுக்கலாம். இதற்காக 2017-ல் 'சமாதான்' தளமும், 2025 ஜூனில் 'ஓடிஆர்' தளமும் தொடங்கப்பட்டன. மன்றம் முதலில் சமரசம் பேசும். ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பாயமாக மாறும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம்; நடைமுறையில் அதைவிட இழுக்கலாம். தீர்ப்பை எதிர்த்து கிளையன்ட் கோர்ட்டுக்குப் போனால், தொகையில் 75% கட்டிய பிறகுதான் மனுவே ஏற்கப்படும்.

'உத்யம்' பதிவு எப்போது?

இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு டயர் ரப்பர் சப்ளை செய்த சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு சேர்த்து, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த கியாதி இன்ஜினியரிங் வழக்கும் விசாரிக்கப்பட்டது. ஒப்பந்தமும் சப்ளையும் முடிந்த பிறகு பதிவு செய்த அந்த நிறுவனத்துக்கு, பழைய பாக்கிக்காக இந்தச் சட்டத்தின் பலன் கிடைக்காது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு இதிலிருந்து மாறுபட்டு, கேள்வியை 3 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. இந்தக் குழப்பத்தில் மாட்டாமல் இருக்க, முதல் வேலைக்கு முன்பே உத்யம் பதிவை முடித்துவிடுவது நல்லது. ஆதார், பான் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. தனி ஆளாக ஃப்ரீலான்ஸ் செய்பவரும் பதியலாம். ஆனால் பொருளை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு, உத்யம் எண் இருந்தாலும் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது.

பில்லில் உத்யம் எண்ணைப் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள வருமான வரி விதிப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராத கிளையன்ட், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் இதை நினைவூட்டினால், கிளையன்ட்டின் ஆடிட்டரே பணத்தைப் போடச் சொல்ல வாய்ப்புண்டு.

செக் திரும்பினால்?

காசோலை பணமின்றித் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின் கீழ் அது குற்றம். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 2 ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல இருமடங்கு வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். தேதி தவறினால் வழக்கு பலவீனமாகிவிடும்.

கோர்ட், லோக் அதாலத்

உத்யம் இல்லாதவருக்கு சிவில் வழக்கு இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 37-ன் கீழ் சுருக்கமுறை வழக்குப் போடலாம். இதில் கிளையன்ட் நீதிமன்ற அனுமதி பெறாமல் எதிர்வாதமே செய்ய முடியாது. 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறு என்றால், அவசர நிவாரணம் கேட்காத பட்சத்தில், வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம்.

சிறு தொகைக்கு பொள்ளாச்சி வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகி, வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் பேசலாம். இருவரும் சம்மதித்தால் மட்டுமே இது நடக்கும். ஆனால் அங்கே எழுதப்படும் உடன்பாடு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

செய்யக் கூடாதவை

பழுதுபார்க்க வந்த மெஷினைக் கூலி வரும் வரை கொடுக்காமல் வைத்திருக்க, ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவு பட்டறைக்காரருக்கு உரிமை தருகிறது. வெப்சைட் செய்தவர் அதே நினைப்பில் பாஸ்வேர்டை வைத்து கிளையன்ட்டின் சைட்டை முடக்கினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் அவர் மீதே புகார் வரலாம்.

"ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுத்தா வந்துரும்" என்பதும் எப்போதும் சரியல்ல. பணம் தராதது மட்டுமே மோசடி ஆகாது. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும்.

பொதுவாக இந்தப் பாக்கிகளுக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் அவகாசம். "பாக்கி இருக்குதுங்க, தந்துர்றேன்" என்று கிளையன்ட் அந்தக் காலத்துக்குள் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும். அதனால் போனில் கேட்பதை நிறுத்திவிட்டு, மெயிலில் தொகையோடு கேட்டு பதில் வாங்கி வைப்பதுதான் இன்றே செய்ய வேண்டிய வேலை.