கோப்பு பயணிக்க வேண்டாம், கேள்வி பயணிக்கட்டும்

பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் வாடிக்கையாளர் விவரம், பில், சரக்கு இருப்பு எல்லாம் ஒரே மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கோப்பில் இருப்பது சகஜம். எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருக்கும்வரை அது ஒழுங்காகவே ஓடும். இரண்டு பேர் வீட்டிலிருந்தும் ஒருவர் வெளியூர்க் கிளையிலிருந்தும் விபிஎன் வழியாக அதே கோப்பைத் திறக்கத் தொடங்கினால் தொல்லை ஆரம்பம். உடனே இன்டர்நெட் வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள். அதனால் பெரிய பலன் இருக்காது. தேடும் வேலை எந்தக் கம்ப்யூட்டரில் நடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆக்சஸ் கோப்பு இருக்கும் கம்ப்யூட்டர் வெறும் அலமாரிதான். அது எதையும் தேடித் தராது. ஒரு பில்லைத் தேடினால் கோப்பின் பகுதிகள் ஒவ்வொன்றாக உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்தாக வேண்டும். அலுவலகத்துக்குள் ஒரு முறை போய்வர ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது. இன்டர்நெட்டில் 40 மில்லிசெகண்டு ஆவது சாதாரணம். அடுத்தடுத்து ஆயிரம் முறை போய்வந்தால், உள்ளே ஒரு விநாடியில் முடிவதற்கு வெளியே 40 விநாடி பிடிக்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்பை 300 ஆக்கினாலும் இந்தக் காத்திருப்பு அப்படியே இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் கோப்பே கெட்டுப்போகலாம். கோப்பை கூகுள் டிரைவில் போட்டாலும் தீராது: இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் இரண்டு பிரதிகள் உருவாகி, எது சரியென்று தெரியாமல் போகும்.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் போன்ற தரவுத்தள சர்வர்களில் தரவின் பக்கத்திலேயே ஒரு புரோகிராம் ஓடுகிறது. கேள்வி மட்டும் அங்கே போகும், விடைக்குரிய வரிகள் மட்டும் திரும்பும். பாதியில் இணைப்பு போனால், முடியாத பதிவு ரத்தாகி தரவு பழைய நிலையிலேயே நிற்கும். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். போஸ்ட்கிரெஸ் இலவசம். எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸும் இலவசம்தான். அதன் 2022 பதிப்பு ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி இடம் தருகிறது, ஆக்சஸில் 2 ஜிபிதான். உண்மையான செலவு, பழைய படிவங்களை பிரவுசரில் ஓடும்படி மாற்றி எழுதுவதில் இருக்கிறது. அதற்கு இப்போது வழியில்லை என்றால், வெளியூரில் இருப்பவர்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை செய்யலாம். அப்போது திரையின் படம் மட்டுமே பயணிக்கும்.

நெட் போனால் வேலை நின்றுவிடுமே என்ற கவலை நியாயமானது. ஆகவே பெரும்பாலோர் அலுவலகத்தில் இருந்தால் சர்வரை யுபிஎஸ்ஸோடு அங்கேயே வையுங்கள். சிதறி இருந்தால் கிளவுடில் வாடகைக்கு எடுங்கள். எங்கே வைத்தாலும் தரவுத்தளத்தின் போர்ட்டை இன்டர்நெட்டுக்கு நேரடியாகத் திறந்து வைக்கக் கூடாது. 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற வார்ம், எஸ்கியூஎல் சர்வரின் ஓட்டை வழியாகப் பத்தே நிமிடத்தில் உலகெங்கும் பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஆறு மாதம் முன்பே வந்திருந்தது, பலர் போடவில்லை. பேக்கப்பையும் அப்படி அலட்சியமாக விடக் கூடாது. 2017 ஜனவரியில் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாகத் தரவை அழித்துவிட, பல பேக்கப் முறைகள் வேலையே செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போனது.

சாஃப்ட்வேர் விற்க வருபவரிடம் பிராண்டைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: தேடல் எங்கே நடக்கும்? பேக்கப்பிலிருந்து தரவை மீட்டு எங்கள் கண்முன் காட்டுவீர்களா? இரண்டுக்கும் தெளிவாகப் பதில் வராவிட்டால் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.