நம்மை ஏற்புடையவராக்குவது சட்டமா, அருளா?



“ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டதில்லை, தவக்காலத்தில் இறைச்சியைத் தொட்டதில்லை. அப்படியிருந்தும் ஆண்டவர் ஏன் எங்களை இப்படிச் சோதிக்கிறார்?” என்று நம்மில் பலர் கேட்கிறோம். “நான் வாழ்ந்த வாழ்க்கைக்குக் கோவிலுக்குள் வர எனக்கு என்ன தகுதி இருக்கிறது?” என்று வெளியிலேயே நின்றுவிடுகிறவர்களும் நம் பங்குகளில் உண்டு. முதலாமவர் தம் நற்செயல்களை எண்ணுகிறார். இரண்டாமவர் தம் பாவங்களை எண்ணுகிறார். ஆனால் இருவரின் உள்ளத்திலும் இருப்பது ஒரே எண்ணம்தான்: கடவுளின் அன்பை நாமே உழைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்பது. இது சரிதானா? திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் இக்கேள்விக்கு விடை தருகிறது.

கலாத்தியாவில் எழுந்த சிக்கல்

இன்றைய துருக்கி நாட்டின் நடுப்பகுதியில் இருந்தது கலாத்தியா. அங்கே பிற இனத்தவர் பலர் பவுலின் போதனையைக் கேட்டுக் கிறிஸ்துவை நம்பினர். அவர் சென்றபின் வேறு சிலர் வந்து, “கிறிஸ்துவை நம்பினால் மட்டும் போதாது, விருத்தசேதனமும் செய்துகொள்ள வேண்டும், மோசேயின் சட்டத்தையும் கைக்கொள்ள வேண்டும்” என்று கற்பித்தனர். இதைக் கேள்விப்பட்ட பவுல் கொதித்தெழுந்தார். சட்டம் சார்ந்த செயல்களால் அல்ல, கிறிஸ்துவில் கொள்ளும் நம்பிக்கையால்தான் மனிதர் கடவுளுக்கு ஏற்புடையவர் ஆகிறார் என்று உறுதியாக எழுதினார் (கலா 2:16). சட்டத்தால் அது கிடைக்குமானால் கிறிஸ்துவின் சாவு வீணாகிவிடும் என்றார் (கலா 2:21).

இதை எழுதியவர் சட்டம் அறியாதவர் அல்லர். எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவர், பரிசேயர், சட்டத்தைக் கடைப்பிடிப்பதில் குறை சொல்ல முடியாதவர் (பிலி 3:5-6). அவரே அவற்றையெல்லாம் கிறிஸ்துவுக்காகக் குப்பையாகக் கருதுகிறார் (பிலி 3:8).

அருள் முந்தியது, சட்டம் பிந்தியது

பவுல் காட்டும் சான்று ஆபிரகாம். அவர் ஆண்டவரை நம்பினார். அந்த நம்பிக்கையே நீதியாக எண்ணப்பட்டது. இது தொடக்கநூல் 15-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அவர் விருத்தசேதனம் பெறுவதோ 17-ஆம் அதிகாரத்தில், தம் 99-ஆம் வயதில். இடையில் இஸ்மயேல் பிறந்தபோது அவருக்கு வயது 86. அப்படியானால் ஏற்புடையவரான பிறகு குறைந்தது 13 ஆண்டுகள் கழித்தே அவர் அந்த அடையாளத்தைப் பெற்றார்! மோசேயின் சட்டமோ வாக்குறுதிக்கு 430 ஆண்டுகள் கழித்து வந்தது என்கிறார் பவுல் (கலா 3:17).

சீனாய் மலையிலும் இதே வரிசைதான். கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், பிறகு விடுவிக்கிறேன் என்று கடவுள் எகிப்திலிருந்த மக்களிடம் சொல்லவில்லை. முதலில் விடுவித்தார், பின்னரே கட்டளைகளைத் தந்தார் (விப 20:2). எனவே யூதச் சமயத்தில் அருளே இல்லை என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

அப்படியானால் சட்டம் எதற்கு? பவுல் அதை, அக்காலத்தில் சிறுவனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று கண்காணித்த அடிமைக்கு ஒப்பிடுகிறார் (கலா 3:24). பையன் வளர்ந்தபின் அந்தக் கண்காணிப்பு தேவையில்லை. இன்னொரு விதமாகச் சொன்னால், இரத்தப் பரிசோதனைச் சீட்டு நோய் இருப்பதைக் காட்டும். ஆனால் அச்சீட்டை நாள்தோறும் படித்தாலும் நோய் குணமாகாது. குணமாக்க மருத்துவர் வேண்டும்.

பந்தியில் வெளிப்பட்ட உண்மை

அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பர்னபாகூட அவர் வழியில் சென்றுவிட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார் (கலா 2:11-14). ஒரு வேளை உணவுக்கு இவ்வளவு பெரிய சண்டையா? ஆம்! கடவுள் அருளால் ஏற்றுக்கொண்டவரை நாம் பந்தியிலிருந்து விலக்கினால், அருள் போதாது என்றுதானே சொல்கிறோம்? ஒரே நற்கருணையை உண்டபின் சாதியின் பெயரால் கல்லறையில்கூடச் சுவர் எழுப்பும் நமக்கும் இக்கேள்வி பொருந்தும். அருளைப் பற்றிய போதனை வெறும் ஏட்டுப் படிப்பு அல்ல.

கட்டளைகள் இனித் தேவையில்லையா?

தேவைதான். செயலற்ற நம்பிக்கை செத்தது என்கிறார் யாக்கோபு (யாக் 2:17). அன்பின் வழியாகச் செயலாற்றும் நம்பிக்கையே பயன் தரும் என்கிறார் பவுலும் (கலா 5:6). நற்செயல்கள் அருளுக்கு நாம் கொடுக்கும் விலை அல்ல. அருள் நம்மில் விளைவிக்கும் கனி. மரம் உயிர் பெறுவதற்காகக் காய்ப்பதில்லை. உயிர் இருப்பதால் காய்க்கிறது.

கத்தோலிக்கர் செயலால் மீட்பு என்றும், பிரிந்த சகோதரர் நம்பிக்கையால் மீட்பு என்றும் சொல்வதாகப் பலர் நினைக்கின்றனர். இது தவறு. அருளின்றி, தன் செயல்களால் மட்டும் மனிதர் ஏற்புடையவராக முடியும் என்ற கருத்தை 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் கண்டித்தது. அந்த அருளுக்கு மனிதர் ஒத்துழைக்க வேண்டும் என்றும், அந்த ஒத்துழைப்பையே அருள்தான் தூண்டுகிறது என்றும் கற்பித்தது. 1999 அக்டோபர் 31 அன்று செருமனியின் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதுபற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார். தூய ஆவியார் நம் உள்ளங்களைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார் என்பதே அதன் சாரம். 2006-இல் மெதடிஸ்டு சபைகளும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளும் இதை ஏற்றன.

நம் வாழ்வுக்கு

கைக்குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கிறோமே, அக்குழந்தை என்ன நற்செயலைக் கொண்டுவந்தது? ஒன்றுமில்லை. நாம் அனைவரும் அப்படித்தான் கடவுளின் பிள்ளைகள் ஆனோம். கோவிலில் இறைவேண்டல் செய்த பரிசேயர், வாரத்தில் இரு முறை நோன்பு இருப்பதையும் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதையும் எண்ணிக் காட்டினார். வரிதண்டுபவரோ இரக்கத்தை மட்டும் கேட்டார். அவரே ஏற்புடையவராக வீடு திரும்பினார் (லூக் 18:9-14).

ஆகவே நோன்பையும் திருப்பலியையும் விட்டுவிட வேண்டாம். ஆனால் அவற்றைக் கடவுளிடம் காட்டும் கணக்குச் சீட்டாக ஆக்கவும் வேண்டாம். துன்பம் வரும்போது “என் கணக்குத் தவறிவிட்டதோ” என்று கலங்கவும் தேவையில்லை. தகுதி இல்லை என்று வெளியில் நிற்கும் சகோதரரே, சகோதரியே, தகுதி தேடிக்கொண்டு வர வேண்டியதில்லை. வாருங்கள், ஒப்புரவு அருளடையாளம் காத்திருக்கிறது. நம்மை ஏற்பவர், நம்மை மாற்றவும் வல்லவர்.

ஆண்டவர் இயேசுவின் அருள் நம் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.