புதைத்த காரைத் தோண்டி எடுத்த கடற்கரை: மணலில் வேகப் பந்தயம் திரும்பி வந்தது எப்படி?

1969-ம் ஆண்டு. வேல்ஸ் நாட்டின் தெற்குக் கரையில் இருக்கும் பென்டைன் என்ற சின்ன ஊரில் சிலர் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியது, 42 ஆண்டுகளுக்கு முன் அந்த மணலில் புதைக்கப்பட்ட ஒரு காரை. காரின் பெயர் 'பாப்ஸ்'. அதில் இருந்தது 27 லிட்டர் விமான இன்ஜின். இன்று நம்ம ஊரில் ஓடும் சிறிய கார்களில் 1.2 லிட்டர் இன்ஜின்தான் இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அது எப்பேர்ப்பட்ட ராட்சசன் என்பது புரியும்.

காரை எதற்குப் புதைத்தார்கள்? எதற்குத் திரும்பத் தோண்டினார்கள்? அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில், உலகின் அதிவேக கார்கள் ஒரு காலத்தில் கடற்கரைகளில்தான் ஓடின என்ற கதைக்குள் இருக்கிறது.

சரி, ஏன் கடற்கரை?

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் வந்துவிட்டது. அது ஓட ரோடு இல்லை. பிரிட்டனில் 1903-ம் ஆண்டுச் சட்டப்படி பொதுச் சாலையில் மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. 1930 வரை இதுதான் நிலைமை. 1907-ல் திறக்கப்பட்ட புரூக்லாண்ட்ஸ் பந்தயத் திடல் உலகப் புகழ் பெற்றதுதான். ஆனால், அதன் ஒரு சுற்றே சுமார் 4.4 கி.மீ., அதிலும் பெரும்பகுதி வளைவு. மணிக்கு 240 கி.மீ. வேகத்தை எட்ட நேராகப் பல கிலோமீட்டர் வேண்டும். வேகம் எடுக்க ஒரு தூரம், அளப்பதற்கு ஒரு மைல், அப்புறம் நிறுத்த ஒரு தூரம். அந்தக் காலத்து பிரேக்குக்கு அந்த மூன்றாவது தூரம்தான் ரொம்ப முக்கியம்.

பென்டைன் கடற்கரையின் நீளம் சுமார் 11 கி.மீ. நேரானது, தட்டையானது. கடலே ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கி, இலவசமாக ரோலர் போட்டுவிட்டுப் போகும்.

மணலில் கார் எப்படி அவ்வளவு வேகமாக ஓடும்? கடற்கரையில் வெறுங்காலோடு நடந்த எல்லோருக்கும் பாதி பதில் தெரியும். மேலே, காய்ந்த மணலில் கால் புதையும். அலை வந்து போகும் இடத்தில் கால் வழுக்கி உள்ளே இறங்கும். இரண்டுக்கும் நடுவில் ஈரமான, கெட்டியான பகுதி ஒன்று இருக்கும். அதில் பாதம் பதிவதே தெரியாது. அங்கே மணல்துகள்களுக்கு இடையில் மெல்லிய நீர்ப்படலம் மட்டும் இருக்கிறது. அந்தப் படலத்தின் இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று கட்டிப் பிடிக்கிறது. தண்ணீர் குறைந்தால் பிடிப்பு போய்விடும். அதிகமானால் துகள்கள் மிதக்கத் தொடங்கிவிடும்.

அந்தக் கெட்டியான மணல் கிடைப்பது கடல் இறங்கியிருக்கும் சில மணி நேரம்தான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உலக சாதனை என்றால் ஒரு திசையில் ஓட்டினால் போதாது. திரும்பி எதிர்த்திசையிலும் ஓட்ட வேண்டும். காற்று ஒரு பக்கம் தள்ளிவிட்டால் அது சாதனையாகாது என்பதற்காக, இரண்டு ஓட்டங்களின் சராசரியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இரண்டையும் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். டயர் மாற்றுவதற்குள் கடல் ஏறிவிட்டால் அன்றைய கதை முடிந்தது.

நீராவி கார் முதல் விமான இன்ஜின் வரை

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஆர்மண்ட் கடற்கரையில் 1903-லேயே பந்தயம் தொடங்கிவிட்டது. 1906 ஜனவரியில் ஃப்ரெட் மேரியட் அங்கே மணிக்கு 127.66 மைல் (சுமார் 205 கி.மீ.) வேகத்தைத் தொட்டார். அவர் ஓட்டியது பெட்ரோல் கார் அல்ல. ஸ்டான்லி நிறுவனத்தின் நீராவி கார்!

முதல் உலகப் போர் முடிந்ததும் ஆட்டம் சூடுபிடித்தது. போருக்காகத் தயாரித்த விமான இன்ஜின்கள் மிச்சமாகக் கிடந்தன. அதில் ஒன்றை வாங்கி, ஒரு பெரிய சேசிஸில் பொருத்தி, கடற்கரைக்கு ஓட்டிப்போவதுதான் அன்றைய சாதனை வெறியர்களின் ஃபார்முலா.

1924 செப்டம்பரில் மால்கம் கேம்ப்பெல் பென்டைனில் மணிக்கு 146.16 மைல் வேகத்தை எட்டினார். அடுத்த ஆண்டு ஜூலையில் 150.76 மைல். 150 மைலைத் தாண்டிய முதல் சாதனை அது. அப்போதுதான் ஜே.ஜி.பாரி-தாமஸ் களத்தில் இறங்கினார். வேல்ஸில் பிறந்தவர், லேலண்ட் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். கேம்ப்பெலைப் போலப் பெரும் பணக்காரர் இல்லை. மான்ஸாவில் நடந்த பந்தயத்தில் இறந்துபோன லூயிஸ் ஸ்பொரோவ்ஸ்கி என்ற பிரபு விட்டுச்சென்ற காரை 125 பவுண்டுக்கு வாங்கினார். தானே பிரித்து, தானே மாற்றி அமைத்து, 'பாப்ஸ்' என்று பெயர் வைத்தார். 1926 ஏப்ரலில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் 169.30, பிறகு 171.02 மைல் என்று இரண்டு உலக சாதனைகள். செகண்ட் ஹேண்ட் காரில்!

1927 பிப்ரவரியில் கேம்ப்பெல் 174.88 மைல் வேகத்தில் சாதனையைத் திரும்பப் பறித்தார். வித்தியாசம் நாலு மைல்கூட இல்லை. மார்ச் 3 அன்று பாரி-தாமஸ் மீண்டும் பென்டைனுக்கு வந்தார். ஓட்டத்தின் நடுவில் பாப்ஸ் கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. அவர் அந்த இடத்திலேயே இறந்தார். சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி அறுந்து அவரைத் தாக்கியதுதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பின்பக்கச் சக்கரம் உடைந்ததுதான் தொடக்கம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். சிதைந்த காரை வேறு எங்கும் கொண்டுபோகவில்லை. அந்தக் கடற்கரையிலேயே புதைத்தார்கள்.

மணல் தோற்ற இடம்

அடுத்த 26 நாட்களில் எல்லாமே மாறிப்போனது. மார்ச் 29 அன்று ஹென்றி சீக்ரேவ் ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில் 203.79 மைல் வேகத்தில் ஓட்டினார். 200 மைலைத் தாண்டிய முதல் மனிதர். பென்டைனைவிட டேடோனா நீளமானது, அகலமானது. அங்கேயும் உயிர்கள் போயின: 1928-ல் ஃப்ராங்க் லாக்ஹார்ட், 1929-ல் லீ பைபிள், அவரோடு கரையோரம் நின்ற ஒரு படப்பிடிப்பாளர்.

1935 மார்ச்சில் கேம்ப்பெல் டேடோனாவில் 276.82 மைல் வரை போனார். அவரது இலக்கு 300. இன்ஜினில் சக்தி இருந்தது; மணலில் பிடிப்பு இல்லை. அலை விட்டுச்சென்ற சின்னச் சின்ன மடிப்புகள், 100 மைல் வேகத்தில் வெறும் அதிர்வு. 270 மைலில் அவை காரைத் தூக்கிப் போடும். சக்கரம் தரையை விட்டு எழும்பினால் காற்றில்தான் சுழலும். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் யூட்டா மாகாணத்தின் பானவில் உப்புத் திடலுக்குப் போனார். அது வறண்ட ஏரி, கெட்டியான உப்புப் பரப்பு, ஓதம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. முடிவு: 301.13 மைல். அதன் பிறகு உலகின் அதிவேக கார் என்ற சாதனை கடற்கரைக்குத் திரும்பவே இல்லை. இப்போதைய சாதனை 1997-ல் நெவாடா பாலைவனத்தில் 'த்ரஸ்ட் எஸ்எஸ்சி' ஜெட் கார் எட்டிய 763 மைல். ஒலியின் வேகத்தைத் தாண்டியது அது.

டேடோனாக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பாதி மணல், பாதி சாலை என்று ஒரு பாதை அமைத்துப் பந்தயம் நடத்தினார்கள். இன்று பல கோடி டாலர் புழங்கும் நாஸ்கார் அங்கேதான் பிறந்தது. பென்டைனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ராணுவம் அதைத் துப்பாக்கிச் சோதனைத் தளமாக எடுத்துக்கொண்டது. ராணுவத் தளம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

மீண்டும் மணலுக்கு

பாப்ஸைத் தோண்டியவர் ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் ஆசிரியர். வெளியே வந்தது துருவேறிய எலும்புக்கூடு. பல ஆண்டுகள் உழைத்து அதை மறுபடி ஓட வைத்தார். ஒரு கல்லறையைக் கிளறுவது போலத்தானே என்று கேட்பவர்களும் இருக்கலாம். ஆனால் தானே ஸ்பேனர் பிடித்த பொறியாளர் ஒருவரின் காருக்கு, இன்னொரு பொறியியல்காரர் கையால் உயிர் வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

பந்தயம் திரும்ப இன்னும் காலம் பிடித்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி 2004-ல் பென்டைன் மணலில் வாகனங்களுக்குத் தடை வந்தது, 2010-ல் நீங்கியது. நீங்கியதும் கேம்ப்பெலின் பேரன் டான் வேல்ஸ் அங்கே புல்வெட்டும் இயந்திரம் ஒன்றை 87.83 மைல் வேகத்தில் ஓட்டி சாதனை படைத்தார். சிரிப்பு வரலாம். ஆனால், கார் எந்தக் காலத்தில் எங்கே திரும்பியது என்பதற்கு இதுவும் ஒரு அடையாளம்.

2013-ல் தொடங்கிய 'ஹாட் ராட்' பந்தயங்களில் 1949-க்கு முந்தைய பாணி கார்கள் ஓடுகின்றன. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 'ரேஸ் ஆஃப் ஜென்டில்மேன்', டென்மார்க்கின் ரோமோ தீவில் 2016 முதல் ஒரு திருவிழா, நியூசிலாந்தின் ஒரெட்டி கடற்கரையில் பர்ட் மன்ரோ நினைவுப் போட்டி என்று வேறு கரைகளிலும் இதே ஆர்வம். பெரும்பாலும் பழைய இன்ஜின், தோல் ஜாக்கெட், முகமெல்லாம் மணல். உப்புத் தண்ணீர் அரிக்கும் என்று தெரிந்தும் பொக்கிஷம் போன்ற கார்களைக் கொண்டுவருகிறார்கள்.

பழசை ரசிப்பதோடு எல்லோரும் நின்றுவிடவில்லை. 2015-ல் நடிகர் இட்ரிஸ் எல்பா, பென்டைனில் பென்ட்லி காரில் 180.36 மைல் வேகம் ஓட்டி, கேம்ப்பெலின் 1927-ம் ஆண்டு எண்ணை முறியடித்தார். குளிர்சாதனம், தோல் இருக்கை எல்லாம் உள்ள சொகுசு காருக்கே, அந்தக் காலத்து ராட்சசனைவிட ஆறு மைல்கூட அதிகம் கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தடுத்தது இன்ஜின் இல்லை, மணல்.

அந்த மணலோடு மோதி அதிக தூரம் போனவர் ஸெஃப் ஐசன்பெர்க். 2016-ல் ஒரு விமான ஓடுதளத்தில் பைக் விபத்தில் சிக்கி, பல எலும்புகள் முறிந்து பிழைத்தவர். 2018-ல் பென்டைனில் பைக்கில் 201.5 மைல், 2019-ல் போர்ஷே காரில் 210.33 மைல். 2020 அக்டோபரில் யார்க்‌ஷயரின் எல்விங்டன் ஓடுதளத்தில் சாதனை முயற்சியின்போது இறந்தார். 2016-ல் அவர் விழுந்ததும் அதே ஓடுதளத்தில்தான்.

பென்டைன் கரையில் 2023-ல் புதிய வேக அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பாப்ஸ் இருப்பது அங்கேதான். அதன் 27 லிட்டர் இன்ஜினை அவ்வப்போது ஸ்டார்ட் செய்கிறார்கள்.