மழையில்லா மாதத்துப் பாம்புக் கணக்கு

தக்கலையைத் தலைமையிடமாகக் கொண்ட தாலுகாவின் பெயரே கல்குளம். குளத்தின் பெயரால் ஊரை அழைத்த இந்நாட்டிலே, இன்று சாலை போட வந்தவர்களுக்குக் குளமென்பது மண் கொட்டுவதற்கேற்ற பள்ளமாகத் தோன்றுகிறது. கேரள எல்லையிலிருந்து வில்லுக்குறி வழியாகக் கன்னியாகுமரி வரை நான்கு வழிச் சாலை அமைக்கும் திட்டத்தில் குறுக்கிட்ட குளங்கள் பல. சாலை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தக்கலைக் கடைத்தெருவிலே வண்டிகள் நெருக்கியடித்து நிற்பதைக் கண்டவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். மண் விழுமுன் அந்தக் குளத்திலும் கரையிலும் குடியிருக்கும் ஜீவன்கள் எவையெனப் பார்த்தார்களா, பார்த்தது எந்த மாதத்தில் என்பதே நமது கேள்வி.

பறவைகளுக்காவது பேச ஆள் உண்டு. 2022-ம் வருஷத்தில் சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் ராம்சர் உடன்படிக்கையின் சர்வதேசப் பட்டியலில் இடம் பெற்றன. பாம்புக்குப் பரிந்து பேசுவார் யார்? நாகராஜாவின் பெயரால் நாகர்கோவில் என்று ஒரு நகரமே இருக்கிறது. ஆவணி ஞாயிறுதோறும் அங்கே ஜனங்கள் பால் வார்க்கிறார்கள். கரையிலே உயிருள்ள நீர்க்கோலியைக் கண்டாலோ கம்பைத் தேடுகிறார்கள்! மீனும் தவளையும் தின்று பிழைக்கும், விஷமே இல்லாத பிராணிக்கு இந்த மரியாதை.

அமெரிக்காவின் சதுப்பு நிலங்களில் மஸ்ஸஸாகா என்றொரு சிறிய விரியன் உண்டு. வாலிலே கிலுகிலுப்பை, பல்லிலே விஷம். 2016-ல் அந்நாட்டுச் சர்க்கார் அதனை அபாயத்துக்குள்ளான இனமென்று சட்டப்படி அறிவித்தார்கள். குளிர்காலமெல்லாம் நண்டினத்துப் பிராணிகள் தோண்டிய ஈர வளைகளிலே ஒடுங்கிக் கிடந்து, வசந்தத்தில் வெயில் காய வெளியே வரும். அது வாழக்கூடிய இடத்தில் கட்டடமோ சாலையோ எழுப்புமுன், பயின்றவர்கள் அந்தப் பருவத்திலேயே பலமுறை நடந்து தேடுகிறார்கள். புல்லோடு புல்லாய்க் கிடக்கும் பாம்பு ஒரு நாள் அகப்படவில்லையென்றால், அது இல்லையென்று ஆகிவிடாதல்லவா?

நம் தேசத்திலோ, 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு மழைக்காலம் நீங்கலாக ஒரே ஒரு பருவத்து விவரம் போதுமென்பது வழக்கமாகிவிட்டது. இதைவிட வேடிக்கை வேறுண்டா? குமரி ஜில்லாவுக்கு இடவப்பாதியும் உண்டு, துலா மழையும் உண்டு. மழை விழுந்து தவளை கத்தும்போதுதான் கரையும் வயலும் உயிர் பெறுகின்றன. தவளையின் பின்னே பாம்பு வருகிறது. குளம் வெடித்துக் கிடக்கும் கோடையிலே குறிப்புப் புத்தகத்தோடு போகிறவர், கல்யாணப் பந்தலைப் பிரித்த பிறகு வந்து விருந்தாளிகளை எண்ணுகிறவருக்கு ஒப்பாவார்.

பாம்பு ஒழிந்தால் நல்லதுதானே என்பார் சிலர். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் மாண்டதாக 2020-ல் வெளியான ஆராய்ச்சியொன்று மதிப்பிட்டது. அந்தப் பயங்கரக் கணக்கே நமது கட்சிக்குச் சாட்சி. இயந்திரம் கரையைக் கிளறும்போது நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் மாயமாய் மறைந்துவிடுமா? பக்கத்துக் குடிசையின் விறகுக் குவியலில் புகும். முன்பே தேடியறிந்தால் பிடித்து அகற்றலாம். அதற்கு ஆளில்லையென்பதும் பொய். செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்கள் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் கண்டவர்கள். பாம்பைப் பிடித்து, மருந்துக்கு விஷமெடுத்து, மறுபடி காட்டில் விடும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது.

பொதுஜன விசாரணை தேவைப்படும் திட்டத்துக்கு 30 நாள் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கவேண்டும். அது சட்டம். அடுத்த அறிவிப்பு வரும்போது நமது தொண்டர்கள் அந்தச் சுருக்கத்தோடு நில்லாமல் முழு அறிக்கையையும் கேட்டு வாங்கி, ஊர்வனவற்றைப் பற்றிய பக்கத்தைப் புரட்டட்டும். எந்த மாதம், எத்தனை இரவு, எந்தக் குளக்கரை என்று அங்கே எழுதியிருக்கிறதா? இல்லையானால், கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டு, அந்தக் கேள்வியை நடவடிக்கைக் குறிப்பிலே பதியச் செய்யவேண்டும்.