குருதிக் கொழுப்பும் ஒரு நொதியமும்

நெய்யும் எண்ணெயும் மிகுந்த உணவை உண்ட சில மணி நேரத்துள் குருதியின் தெளிந்த நீர்ப்பகுதியாகிய திரவவிழையம் பால்போலக் கலங்குகின்றது. குடலிலிருந்து வந்து சேரும் நுண்ணிய கொழுப்புத் துணிக்கைகளே இக்கலக்கத்துக்குக் காரணமாம். பின்னர் அது தானே தெளிகின்றது. தெளிவிப்பது யாது?

1943 ஆம் ஆண்டிற் போல் ஹான் என்பார், கொழுப்புணவு உண்ட நாய்களுக்கு எப்பரின் என்னும் மருந்தை ஊசிமூலம் ஏற்றியபோது, கலங்கிய திரவவிழையம் விரைந்து தெளிதலைக் கண்டார். 1955 இல் எட்வேட் கோண் அத்தெளிவுக்குக் காரணமான நொதியத்தை எலியின் இதயத்திலே ஆராய்ந்து, அது இலிப்போபுரத இலிப்பேசு என நிறுவினார். தசையிலும் கொழுப்பிழையத்திலும் தோன்றும் இந்நொதியம், மயிர்த்துளைக்குழாய்களின் உட்சுவரிற் பற்றிநின்று, கடந்துசெல்லும் துணிக்கைகளிலுள்ள முக்கிளிசரைட்டைப் பிரிக்கின்றது. அவ்வாறு பெறப்படும் கொழுப்பமிலங்களைத் தசை எரித்துச் சத்தியாக்கும், கொழுப்பிழையம் சேமித்துவைக்கும்.

இந்நொதியம் அறவே இல்லாவிடின் என்னாகும்? இதற்குரிய பரம்பரையலகைச் சுண்டெலிகளிற் செயலிழக்கச் செய்த ஆய்வாளர் 1995 இல் விடை கூறினர். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற அலகைப் பெற்ற குட்டிகள் உயிருடன் பிறந்தன; ஆயின், பாலுண்ணத் தொடங்கியபின் வெளிறி, நீலம்பாரித்து, ஏறத்தாழ 18 மணி நேரத்தில் இறந்தன. ஏனைய குட்டிகளின் 100 மில்லிலீற்றர் திரவவிழையத்தில் முக்கிளிசரைட்டு ஏறத்தாழ 190 மில்லிகிராமாக இருக்க, இவற்றில் அது ஏறத்தாழ 15,000 மில்லிகிராமாக உயர்ந்திருந்தது. மயிர்த்துளைக்குழாய்கள் கொழுப்புத் துணிக்கைகளால் நிரம்பிக்கிடந்தன. ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான அலகைப் பெற்றவையோ வளர்ந்து வாழ்ந்தன. அவற்றின் முக்கிளிசரைட்டு ஒன்றரை முதல் இரு மடங்கு வரையே உயர்ந்தது.

இதனினும் வியப்பானது அடுத்த முடிபு. தசையில் மட்டும் இந்நொதியத்தை உண்டாக்குமாறு மாற்றப்பட்ட சுண்டெலிகள் இறவாது பிழைத்தன. அவற்றின் கொழுப்பிழையத்தில் நொதியம் இல்லை. எனினும் உடற்கொழுப்புக் குன்றவில்லை. வெளியிலிருந்து பெறமுடியாத கொழுப்பை அவ்விழையம் தானே தொகுத்துக்கொண்டமையே காரணமென 1997 இல் அறியப்பட்டது.

மனிதருள்ளும் மிக அருமையாகச் சிலர் இந்நொதியமின்றிப் பிறக்கின்றனர். சுண்டெலிக் குட்டிகளைப்போல அவர்கள் உடனே இறப்பதில்லை. ஆயின், உயிருக்கு ஆபத்தான சதையி அழற்சி அவர்களை மீண்டும் மீண்டும் வருத்தும். கொழுப்பை மிகக் குறைத்து உண்பதே அவர்கள் வாழ்நாள் முழுவதும் காக்கவேண்டிய நெறியாகும். நற்பரம்பரையலகை ஒரு வைரசின்மூலம் காற்றசைகளிற் செலுத்தும் சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2012 இல் அனுமதி கிடைத்தது. குருதிக்கொழுப்பிற் கண்ட தாழ்வு நீடிக்கவில்லை. பயன்படுத்தியோரும் மிகச் சிலரே. 2017 இல் அனுமதி புதுப்பிக்கப்படாது முடிவுற்றது.

கருவிலேயே அலகைப் பெற்ற சுண்டெலியின் உடலெங்குமுள்ள தசைகள் நொதியத்தை ஆக்கின. நோயாளரிலோ ஊசி ஏற்றிய தசைகளே அதனை ஆக்கவேண்டியிருந்தன. நொதியத்தின் தொழிலைச் சுண்டெலி ஐயமற விளக்கிற்று. நோயைத் தீர்க்கும் வழியை மனிதரிடத்தேயே சோதித்து அறியவேண்டும்.